ரோஜாச் செடியைத் தோண்டும் ஜாக் ரஸ்ஸல்

உங்கள் ஜாக் ரஸ்ஸல் நாய் ரோஜாச் செடியைத் தோண்டிப் போடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தோண்டுவதை நிறுத்தப் பார்க்காதீர்கள், இடத்தை மாற்றிக் கொடுங்கள். தோட்டத்து மூலையில் மணல் கொட்டி, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றை அது பார்க்கும்படியே புதையுங்கள். ரோஜாச் செடிப் பக்கம் போனால் கத்தாமல் மணலுக்குக் கூட்டிப் போங்கள்.

காலையும் மாலையும் நடத்தியும் அடங்கவில்லை என்கிறீர்கள். அடங்காதுதான். வளைக்குள் பதுங்கிய நரியைக் கிளப்புவதற்கென்றே இங்கிலாந்தில் உருவாக்கிய இனம் அது. நடந்தால் கால் அலுக்கும், மூக்கு அலுக்காது.

ஒன்று பாருங்கள்: எல்லா இடத்திலும் தோண்டுகிறதா, மதிலோரம் ஒரே இடத்திலா? ஒரே இடமென்றால் கீழே பெருச்சாளி வளை இருக்கலாம்.

அப்படியிருந்தால் எலி மருந்து மட்டும் வைத்துவிடாதீர்கள். மருந்து தின்ற எலியைத் தின்றாலும் நாய்க்கு ஆபத்து. அப்புறம், அதற்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.