பலேர்மோ பால்கனிக்கு ஒரு ஜோடித் தலைச்சாடி: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பேணுவது?

கேள்வி: சிசிலியில், பலேர்மோ நகரில் மூன்றாவது மாடியில் வசிக்கிறோம். கடலைப் பார்த்த பால்கனி. அங்கே ‘தெஸ்தே தி மோரோ’ என்னும் தலை வடிவச் சாடிகள் இரண்டு வைக்க ஆசை. ஒரே 35 செ.மீ. உயரத்தில் ஒரு கடையில் ஜோடி 60 யூரோ, இன்னொரு கடையில் 480 யூரோ. ஏன் இந்த வித்தியாசம்? அதில் நேரடியாகச் செடி நடலாமா? வெட்டிய தலையை வீட்டில் வைக்கக் கூடாது என்கிறார் அம்மா. இன்னொரு சிக்கல்: பரிசாக வந்த வெள்ளைக்கல் பீசா கோபுரத்தைச் சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவினோம், பளபளப்பே போய்விட்டது. சரிசெய்ய முடியுமா? ஊரில் இருக்கும் அண்ணாவுக்குப் பைன் கூம்பு வடிவ மட்பாண்டமான ‘பிஞ்ஞா’ ஒன்றும் அனுப்ப வேண்டும். எப்படிக் கட்டி அனுப்புவது?

பதில்: உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: பொருள் எதனால் ஆனது? விலை, வைக்கும் இடம், கழுவும் முறை எல்லாம் அதைப் பொறுத்தவை. கோபுரம் மங்கியதும் அது தெரியாமல் போனதால்தான்.

முதலில் தலைச்சாடிகள். நல்ல சாடி மயோலிகா முறையில் செய்யப்படுகிறது. களிமண்ணைத் தட்டையாகத் தட்டி, பிளாஸ்டர் அச்சின் இரு பாதிகளில் விரலால் அழுத்திப் பதித்து ஒட்டுவார்கள். காது, கிரீடம், பழம், இலை எல்லாம் தனித்தனியே செய்து, மண் தோல் பதத்துக்கு இறுகியதும் களிமண் கூழால் ஒட்டப்படும். நாள் கணக்கில் நிழலில் காய்ந்தபின் ஏறத்தாழ 950 முதல் 1000 டிகிரி வெப்பத்தில் முதல் சூடு. பிறகு வெள்ளீயம் கலந்த வெள்ளை மெருகுக் கரைசலில் முக்குவார்கள். அது மாவுபோல் உலர்ந்ததும் அதன் மேல் நிறம் தீட்டப்படும்: நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குத் தாமிரம், கத்தரிப்பூ நிறத்துக்கு மாங்கனீஸ். அந்த மாவுப் பரப்பு தூரிகையின் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும், தவறினால் அழிக்க வழியில்லை. இரண்டாம் சூட்டில் நிறமும் மெருகும் ஒன்றாக உருகிக் கண்ணாடிபோல் ஆகும். பொன் பூச்சு வேண்டுமென்றால் குறைந்த வெப்பத்தில் மூன்றாவது சூடு.

480 யூரோ கேட்பது இந்த வேலைக்கும் நாட்களுக்கும்தான். 60 யூரோ ஜோடி பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: நீர்த்த களிமண்ணை அச்சில் ஊற்றி எடுத்த மெல்லிய வார்ப்பு, ரெசின் என்னும் செயற்கைப் பிசின், அல்லது அக்ரிலிக் பூசிய பிளாஸ்டர். முதலாவது மோசமில்லை, சுட்டதாக இருந்தால் வீட்டுக்குள் பல்லாண்டு நிற்கும். மற்ற இரண்டும் கடல் காற்றில் தாங்காது.

கடையிலேயே சோதிக்கலாம். சாடியைக் கவிழ்த்து, மெருகு படாத அடிவிளிம்பில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். சுடுமண் சில நொடிகளில் உறிஞ்சிக்கொள்ளும், ரெசினில் நீர் முத்தாக நிற்கும். கிரீடத் திறப்பு வழியே உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். கையால் அழுத்தியதில் விரல் தடங்களும், இரு பாதிகளும் சேரும் இடத்தில் தேய்த்த மண் திரையும் தெரியும். உள்ளே எங்கும் ஒரே தடிப்பில் வழுவழுவென்று இருந்தால் அது ஊற்றி எடுத்த வார்ப்பு. பிறகு விரல் முட்டியால் தட்டுங்கள். மணிபோல் நீண்டு ஒலித்தால் நல்லது. ‘டொக்’ என்று அடங்கினால் எங்கோ விரிசல், பெரும்பாலும் காதின் வேரிலோ கிரீட இலையின் அடியிலோ. உடலும் ஒட்டிய பகுதியும் வெவ்வேறு ஈரத்தில் இருந்தால், காயும்போது வெவ்வேறு அளவு சுருங்கி அங்கேதான் பிளக்கும். நிறத்தில் ஐயம் இருந்தால், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் நெயில் பாலிஷ் நீக்கி தொட்ட பஞ்சால் தேயுங்கள். சூளையில் உருகிய நிறம் வராது, அக்ரிலிக் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். பொன் பூசிய இடத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

அடியில் எழுதியிருப்பதையும் கவனமாகப் படியுங்கள். ‘ஃபாத்தோ ஆ மானோ’ என்றால் கையால் செய்தது. ‘திபிந்தோ ஆ மானோ’ என்றால் கையால் வண்ணம் தீட்டியது மட்டும், உடல் எங்கே வார்க்கப்பட்டது என்று அது சொல்லாது. பலரும் ஏமாறுவது இங்கேதான். பட்டறையின் பெயரும் ஊரின் பெயரும் மெருகுக்கு அடியிலேயே எழுதிச் சுடப்பட்டிருந்தால் நம்பலாம், ஒட்டுத்தாள் எதையும் நிரூபிக்காது. பாரம்பரிய மட்பாண்ட ஊர்களைக் காக்க இத்தாலியில் 1990-ஆம் ஆண்டின் 188-ஆம் எண் சட்டம் இருக்கிறது, அதன்படி முத்திரையும் உண்டு. முத்திரை இல்லாததால் மட்டும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். பதிவு செய்துகொள்ளாத நல்ல பட்டறைகளும் இருக்கின்றன.

ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் சிசிலியின் மட்பாண்ட ஊரான கால்தஜிரோனேவுக்கே போய் வாங்குங்கள். அங்கே சாந்தா மரியா தெல் மோந்தே கோவிலுக்கு ஏறும் 142 படிகளின் முகப்புகளிலும் மயோலிகா ஓடுகள் பதித்திருக்கிறார்கள். படிக்கட்டு 1606-இல் கட்டியது, ஓடுகள் 1954-இல் சேர்ந்தவை. அந்தப் படிகளில் நின்று அசல் நிறங்களைக் கண்ணில் வாங்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தால் வேறுபாடு தானாகத் தெரியும். அவ்வளவு தூரம் முடியாது என்றால், உங்கள் ஊரிலிருந்து கிழக்கே கடற்கரையோரமாகப் போனால் சாந்தோ ஸ்தெஃபானோ தி கமாஸ்த்ரா இருக்கிறது. அதுவும் மட்பாண்டங்களுக்குப் பேர்போன ஊர்தான்.

அம்மா சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். இந்தச் சாடியோடு ஒட்டிய கதையே கொலைக் கதைதான், அதுவும் உங்கள் நகரத்தின் கால்சா பகுதியில் நடந்ததாகச் சொல்லப்படுவது. பால்கனிச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காதலித்த மூர் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்) இளைஞனுக்குச் சொந்த ஊரில் மனைவி மக்கள் இருந்தது தெரியவர, அவன் உறங்கும்போது தலையை வெட்டி அதில் செடி வளர்த்தாள் என்பது கதை. அந்தச் செடி செழித்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தார் மண்ணில் அதுபோலச் சாடி செய்துகொண்டார்களாம். காதலர் இருவரையுமே பெண் வீட்டார் கொன்றதாக இன்னொரு வடிவமும் உண்டு. ஆணும் பெண்ணுமாக ஜோடியாக வைப்பதற்கு அதைக் காரணம் சொல்வார்கள். இந்தக் கதை மனத்தை உறுத்தினால் இரண்டு பிஞ்ஞா வாங்கி வையுங்கள், பால்கனிக்கு அதே அழகு வரும். தலைச்சாடியே வேண்டுமென்றால் முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கறுப்பு முகத்தைக் கேலிச்சித்திரம்போல் உதடு பெருக்கி, கண் பிதுக்கி வரைந்தவையும் கடைகளில் உண்டு. இன்றைக்கும் அப்படி ஒன்றைச் செய்து விற்பது தவறு என்பது எங்கள் கருத்து; அதை வாங்க வேண்டாம். நல்ல கலைஞர் வடித்த மூர் முகத்தில் ஓர் அரசனின் நிமிர்வு இருக்கும்.

செடி விஷயத்துக்கு வருவோம். கதையில் வளர்ந்த செடி பசிலிக்கோ, நம் திருநீற்றுப்பச்சிலையேதான். ஆனால் சாடியில் நேரடியாக மண் நிரப்பாதீர்கள். பெரும்பாலான சாடிகளுக்கு உள்ளே மெருகு இல்லை. மண்ணின் ஈரமும் உரத்தின் உப்பும் சுடுமண்ணுக்குள் ஊறி, வெளிப்பக்கம் நகர்ந்து, மெருகின் முதுகில் படிகமாகும். ஓரிரு ஆண்டில் மெருகு செதில் செதிலாக உதிரத் தொடங்கும். அதன்பின் நிறுத்த முடியாது. கிரீடத் திறப்பின் மிகக் குறுகிய அகலத்தை அளந்து, அதைவிட 2 செ.மீ. சிறிய பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வையுங்கள். அதற்கு அடியில் ஒரு தட்டு. நீர் ஊற்ற வெளியே எடுத்து, வடிந்தபின் திரும்ப வையுங்கள். பசிலிக்கோ ஓராண்டுச் செடி, குளிரில் வாடிவிடும், நல்ல வெயிலும் வேண்டும். வேர் பருத்து விரியும் கள்ளி, கற்றாழை வகைகளைச் சாடிக்குள் வளரவிட்டால் சாடியே பிளக்கும்.

அடியில் துளை இல்லாத சாடியில் துளை போட வேண்டுமா என்று பலர் கேட்பார்கள். விலை உயர்ந்ததில் வேண்டவே வேண்டாம். மலிவானதில் முயல்வதானால் 10 மி.மீ. வைர முனைத் துளைக்கருவி வேண்டும். கவிழ்த்து, தலைக்கு மணல் மூட்டை கொடுத்து, துளையிடும் இடத்தில் மறைப்பு டேப் ஒட்டி, கருவியின் சுத்தியல் அதிர்வை நிறுத்திவிட்டு, நீர் தெளித்தபடி மெதுவேகத்தில் துளையுங்கள். அழுத்தினால் மறுபக்கம் வெளிவரும் கணத்தில் அடி தெறித்துவிடும்.

கடல் காற்றும் இதே கேட்டைத்தான் செய்யும், வெளியிலிருந்து. உப்புச் சாரல் மெருகின் மயிரிழை வெடிப்புகளிலும் அடிவிளிம்பிலும் நுழைந்து, காயும்போது படிகமாகி நெம்பும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நல்ல நீரில் மென்மையான தூரிகையால் கழுவி, நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். அடியில் மூன்று ரப்பர் குமிழ்கள் ஒட்டி 1 செ.மீ. தூக்கி நிறுத்தினால் அடிவிளிம்பு நீரில் ஊறாது. பொன் பூச்சு உள்ளதை வெளியில் வைக்காதீர்கள். அது காகிதத்தைவிட மெல்லியது, உப்பும் துடைப்பும் சேர்ந்து உரித்துவிடும்.

கைப்பிடிச் சுவரின் மேல் மட்டும் சாடியை ஏற்றாதீர்கள். மூன்றாவது மாடியில் சிரோக்கோ என்னும் தெற்கத்திய வெப்பக் காற்று பலமாக அடிக்கும் நாளில் அது தெருவில் போகிறவர் தலைமேல் விழக்கூடும். பால்கனித் தரையில் அல்லது உட்புறமாகப் பொருத்திய உறுதியான தாங்கியில் வையுங்கள். உள்தொட்டிக்கு அடியில் இடம் இருந்தால், மூடிய பையில் 2 கிலோ உலர் மணல் போட்டால் அசையாது. கழுத்தில் கம்பி சுற்றிக் கட்டாதீர்கள், காற்றில் உரசி மெருகை அறுக்கும்.

உங்கள் பீசா கோபுரம் அநேகமாக இத்தாலியின் வோல்தெர்ரா ஊரில் கிடைக்கும் அலபாஸ்டர் கல். பளிங்கு என்று நினைத்துக் கழுவியிருப்பீர்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு கல். கர்ராராப் பளிங்கு கால்சியம் கார்பனேட், நீருக்கு அஞ்சாது, எலுமிச்சைச் சாறோ வினிகரோ பட்டால்தான் அரிக்கும். அலபாஸ்டர் என்பது ஜிப்சம். ஒரு லிட்டர் நீர் சுமார் 2 கிராம் ஜிப்சத்தைக் கரைத்துவிடும். ஊறவைத்தபோது கரைந்தது மேல்தோல், பளபளப்பு இருந்தது அந்தத் தோலில்தான். உறுதிசெய்ய, அடிப்பகுதியில் நகத்தால் கீறுங்கள். கோடு விழுந்தால் ஜிப்சம், விழாவிட்டால் பளிங்கு. பிளாஸ்டர் வார்ப்பிலும் கோடு விழும், ஆனால் அது சுண்ணக்கட்டிபோல் மாவாக உதிரும், வெளிச்சத்தையும் ஊடுருவ விடாது. அலபாஸ்டரின் மெல்லிய இடத்துக்குப் பின்னால் டார்ச் பிடித்தால் ஒளி பரவித் தெரியும். பளிங்குபோல் தோன்றுவதற்காக வெந்நீரில் சூடாக்கி ஒளிபுகாமல் ஆக்கிய அலபாஸ்டரும் உண்டு என்பதால், டார்ச்சைவிட நகத்தை நம்புங்கள்.

மீட்கலாம், பொறுமை வேண்டும். மூன்று நாள் நிழலில் உலரவிடுங்கள். வெயிலும் ஹேர் டிரையரும் கூடாது, சூட்டில் ஜிப்சம் தன்னுள் இருக்கும் நீரை இழந்து பால்போல் வெளுக்கும். பிறகு 1000 எண் உப்புத்தாளால் நீர் படாமல் லேசாக, அடுத்து 2000 எண். தூண்களுக்குத் தாளை நாடாவாக வெட்டிச் சுற்றி இழுங்கள், நாலைந்து இழுப்புக்கு மேல் வேண்டாம், தூண் மெலியும். தூசியை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, நிறமற்ற மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மிக மெல்லிதாகப் பூசி, கால் மணி நேரம் கழித்துப் பருத்தித் துணியால் தேய்த்தால் பளபளப்பு பெருமளவு திரும்பும். நீரில் மழுங்கிய செதுக்கு விளிம்புகள் திரும்ப வராது. இனி உலர்ந்த தூரிகை மட்டும் போதும். உள்ளே விளக்கு வைக்கும் மாதிரியாக இருந்தால் சூடேறாத எல்.ஈ.டி. போடுங்கள்.

அந்தக் கோபுரம் நன்றாகச் செய்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அடித்தளம், ஆறு தூண் மாடங்கள், உச்சியில் மணிக்கூடம் என எட்டு அடுக்கு இருக்க வேண்டும். 2001-இல் முடிந்த சீரமைப்புக்குப் பிறகு அசல் கோபுரத்தின் சாய்வு ஏறத்தாழ 4 டிகிரி, அதற்கு முன் ஐந்தரை. 20 செ.மீ. மாதிரியில் 4 டிகிரி என்றால் உச்சி 1.4 செ.மீ. மட்டுமே விலகும். கட்டும்போதே சாயத் தொடங்கியதால் மேல் அடுக்குகளை நிமிர்த்திக் கட்டினார்கள், ஆகவே அசல் கோபுரம் லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவைச் செதுக்கியிருக்கிறார் என்றால் செய்தவர் கோபுரத்தைக் கூர்ந்து பார்த்தவர். சாய்வை மிகைப்படுத்திய மாதிரிகள் எளிதில் கவிழும், அடியில் கொஞ்சம் மியூசியம் வாக்ஸ் ஒட்டி நிறுத்துங்கள்.

பிஞ்ஞா என்பது பைன் கூம்பு. உள்ளே விதைகள் நிறைந்திருப்பதால் சிசிலியில் வளத்துக்கும் நல்வாழ்வுக்கும் அடையாளம், வாயில் தூண்களிலும் கட்டில் முனைகளிலும் காணலாம். அனுப்பும்போது உடைவது செதில் நுனிகளும், கூம்பும் பீடமும் சேரும் கழுத்தும். முதலில் அச்சிடாத மெல்லிய தாளால் சுற்றி, கழுத்துப் பள்ளத்தைப் பஞ்சுத் தாளால் நிரப்பிச் சமமாக்குங்கள். டேப் மெருகின் மேல் நேரடியாகப் படக் கூடாது. அதன் மேல் குமிழி உறை மூன்று சுற்று, குமிழிகள் உட்புறமாக. இதை ஒரு பெட்டியில் அசையாமல் பொருத்தி, அதை ஐந்தடுக்கு அட்டைப் பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளி விட்டு, இடைவெளியை நிரப்பி மூடுங்கள். குலுக்கும்போது உள்ளே எதுவும் நகர்வது தெரிந்தால் திரும்பப் பிரித்துக் கட்டுங்கள். போய்ச் சேர்ந்ததும் செதில் ஏதாவது தெறித்திருந்தால் துண்டை எறியாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரு குழாய் எப்பாக்ஸிப் பசை ஊசிமுனை அளவு தொட்டு ஒட்டி, மறைப்பு டேப்பால் ஒரு நாள் பிடித்து வைத்தால் போதும். ஒட்டிய பிஞ்ஞாவை வீட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள், வெயில் பட்டால் எப்பாக்ஸி மஞ்சளாகிவிடும்.