7490 கவுண்ட்டர்: சிமுலேட்டரில் சரி, பிரெட்போர்டில் எண்கள் தாண்டுகின்றன

வணக்கம். பிரெட்போர்டில் (சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை) நீங்கள் அமைத்த 7490இல், அதாவது 0 முதல் 9 வரை எண்ணும் ஐசியில், பட்டனை ஒருமுறை அழுத்தினால் 2லிருந்து நேராக 5க்குப் போகிறது, ஐசியை மாற்றியும் தீரவில்லை என்கிறீர்கள். ஐசி மீது சந்தேகம் வேண்டாம், பட்டனைப் பாருங்கள். உள்ளே இருக்கும் உலோகத் தகடுகள் தொட்டதும் சில மில்லிசெகண்டுகள் துள்ளும். உங்கள் கண்ணுக்கு அது ஒரே அழுத்தல். கவுண்ட்டருக்கோ ஒவ்வொரு துள்ளலும் ஒரு கிளாக் பல்ஸ், அதாவது எண்ணை ஒன்று கூட்டச் சொல்லும் சிக்னல். சிமுலேட்டரில் பட்டன் துள்ளுவதே இல்லை, அதனால்தான் அங்கே எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது.

முதலில் பட்டனைக் கழற்றிவிட்டு ஃபங்ஷன் ஜெனரேட்டரிலிருந்து 0–5 வோல்ட், 1 ஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுங்கள். வரிசையாக எண்ணினால் உங்கள் டிசைன் சரி.

அப்புறம் 7400 என்ற நாண்ட் கேட் ஐசியில் இரண்டு கேட்டுகளை, ஒன்றின் வெளியீடு மற்றதன் உள்ளீட்டுக்குப் போகும்படி குறுக்காக இணைத்து ஒரு எஸ்ஆர் லாட்ச் (கடைசி நிலையை நினைவில் வைத்திருக்கும் சுற்று) செய்யுங்கள். பட்டனுக்குப் பதில் மூன்று கால் இருவழி சுவிட்ச்: நடுக்கால் கிரவுண்டுக்கு, மற்ற இரண்டும் லாட்சின் இரு உள்ளீடுகளுக்கு. ஒவ்வொரு உள்ளீட்டிலிருந்தும் 5 வோல்ட்டுக்கு ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். முதல் தொடுதலிலேயே லாட்ச் மாறிவிடும், பிறகு வரும் துள்ளல்களை அது கண்டுகொள்ளாது. வகுப்பில் வெறும் அட்டவணையாகப் படித்த லாட்ச் எதற்கு என்பது இங்கேதான் உண்மையில் புரியும். ஆர்சி (ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர்) சுற்றோடு 74எச்சி14 என்ற ஷ்மிட் டிரிகர் ஐசி போட்டாலும் வேலை நடக்கும், ஆனால் கற்றுக்கொள்ள லாட்ச்தான் நல்லது.

7490இல் பவர் 5ஆம் கால், கிரவுண்ட் 10ஆம் கால். பழக்கத்தில் 14, 7 என்று கொடுத்துவிடாதீர்கள். அந்த இரண்டு பவர் கால்களுக்கும் நடுவே, ஐசியை ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வையுங்கள். 2, 3, 6, 7 ஆகிய ரீசெட் கால்கள் நான்கும் கிரவுண்டில் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். லாட்ச் போட்ட பிறகும் தாண்டினால் வயரிங் படத்தை இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.