நெஞ்சு நீச்சலில் ஒரே ஓர் உதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்மையில் ஒரு போட்டியில், 100 மீட்டர் நெஞ்சு நீச்சலில் என் மகள் மூன்றாவதாக வந்தும் தகுதிநீக்கம் செய்யப்பட்டாள். சுவரைத் தொட்டுத் திரும்பும் திருப்பத்திற்குப் பின், இரு கால்களையும் சேர்த்து மேலும் கீழும் அடிக்கும் டால்ஃபின் உதையை இரண்டு முறை போட்டதாகக் காரணம் சொன்னார்கள். ஒருமுறைதான் உதைத்தேன் என்று அவள் அழுகிறாள். நடுவர் தவறாகப் பார்த்திருப்பாரா?
– ஒரு தாயார், ஈசூன்

பதில்: உங்கள் மகள் உண்மையைத்தான் சொல்கிறாள், அம்மா. நடுவர் பார்த்ததும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிள்ளை தான் நினைத்து உதைத்ததை மட்டுமே எண்ணுகிறாள். நடுவரோ இரு கால்களும் சேர்ந்து கீழ்நோக்கி அடிக்கும் ஒவ்வோர் அசைவையும் எண்ணுகிறார்.

விதி சொல்வது இதுதான். தொடக்கப் பாய்ச்சலுக்குப் பிறகும் ஒவ்வொரு திருப்பத்திற்குப் பிறகும், நீருக்கடியில் இருந்தபடியே கைகளை ஒருமுறை தொடை வரை முழுமையாக இழுக்கலாம். கால்களை மடக்கி உதைக்கும் முதல் நெஞ்சு நீச்சல் உதைக்கு முன்பு, எந்தக் கட்டத்திலும், ஒரே ஒரு டால்ஃபின் உதைக்கு அனுமதி உண்டு. இரண்டாவது இழுப்பில் கைகள் மிக அகலமாக விரிந்து உட்புறம் திரும்புவதற்குள் தலை நீர்மட்டத்திற்கு மேல் வந்துவிட வேண்டும். மற்ற இழுப்புகளில் கை இடுப்பைத் தாண்டிப் பின்னால் போகவே கூடாது என்பதால், இந்த ஒரு நீண்ட இழுப்பு நெஞ்சு நீச்சல்காரருக்குக் கிடைக்கும் பெரிய சலுகை.

வேண்டாத இரண்டாவது உதை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவரை உதைத்துக் கிளம்பியதும், உடல் அதிக ஆழத்தில் இருப்பதாக உணரும் பிள்ளை, மேலே வருவதற்காக இடுப்பை நெளிக்கிறாள்; அந்த நெளிவு கால் வரை ஓடி ஓர் உதையாக முடிகிறது. அல்லது, உதையை முடித்துவிட்டுக் கைகளைத் தொடையை நோக்கி வேகமாக இழுக்கும்போது மார்பு அழுந்தி, இடுப்பு உயர்ந்து, கால்கள் இரண்டும் தாமாகவே கீழே அடிக்கின்றன. இந்த இரண்டாவது வகைதான் வளரும் பிள்ளைகளிடம் அதிகம். கைகளுக்கு வலு கூடுகிறது, இடுப்பை அசையாமல் பிடித்து வைக்கும் வயிற்றுத் தசைகளுக்கு அந்த அளவு வலு இன்னும் வருவதில்லை.

ஆகவே, சில வாரங்களுக்கு டால்ஃபின் உதையே இல்லாமல் திருப்பத்தைப் பழகச் சொல்லுங்கள். சுவரை உதைத்ததும் ஒரு கையின் மீது மறு கையை வைத்து, காதுகள் புயங்களுக்கு இடையே மறையும்படி நீட்டிக்கொண்டு, சுவர் தந்த வேகம் குறையத் தொடங்கும்வரை மிதந்து செல்ல வேண்டும். பிறகு இழுப்பு, தொடையருகே கைகளோடு மீண்டும் ஒரு சிறு மிதப்பு, அதன்பின் கைகளை வயிற்றையும் மார்பையும் ஒட்டியபடியே முன்னால் கொண்டுவந்து, அவை முகத்தைத் தாண்டும்போது கால்களை மடக்கி உதைக்க வேண்டும். கால்கள் அசையாமல் இது கைவந்த பிறகு, இழுப்பு தொடங்கும் நேரத்தில் அந்த ஒரே உதையைச் சேர்த்தால் போதும்.

கேள்வி: ஒரு காலத்தில் நெஞ்சு நீச்சல்காரர்கள் நீருக்கடியிலேயே நீந்தி ஒலிம்பிக் தங்கம் வென்றார்களாமே? பிறகு ஏன் இத்தனைக் கட்டுப்பாடு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தோ பாயோ

பதில்: உண்மைதான், ஐயா. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா, 200 மீட்டரின் பெரும்பகுதியை நீருக்கடியிலேயே கடந்து தங்கம் வென்றார். நீர்மட்டத்தில் அலையைத் தள்ளிக்கொண்டு நீந்துவதைவிட, அடியில் செல்லும்போது தடை குறைவு. ஆனால் அந்த முறையில் மூச்சுத் திணறும் ஆபத்தும் இருந்தது. அதையடுத்து, தொடக்கத்திலும் திருப்பங்களிலும் தவிர நீருக்கடியில் நீந்தக்கூடாது என்று விதி மாறியது.

டால்ஃபின் உதையின் கதை வேறு. 2004 ஏதன்ஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானின் கொசுகே கித்தாஜிமா 100 மீட்டர் தங்கம் வென்றபோது, அவர் தடைசெய்யப்பட்ட அந்த உதையைப் பயன்படுத்தினார் என்று அமெரிக்க வீரர் ஏரன் பியர்சால் குற்றம் சாட்டினார். மறு ஆண்டே ஓர் உதை அனுமதிக்கப்பட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அதே 100 மீட்டரை 58.46 விநாடிகளில் உலகச் சாதனையுடன் வென்ற தென்னாப்பிரிக்காவின் கேமரன் வான் டெர் பர்க், கூடுதலாக உதைத்ததைப் பின்னர் தாமே ஒப்புக்கொண்டார். கரையில் நிற்கும் நடுவரின் கண்ணுக்கு, நுரைக்குள் நடப்பது எளிதில் தெரியாது. அதனால்தான், "யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்லும் பெரியவர்கள் மீது எனக்கு வருத்தம் அதிகம். விதியை நேர்மையாகக் காக்கும் பொறுப்பு இந்த நீச்சலில் பெரும்பாலும் நீந்துபவரிடமே இருக்கிறது.

கேள்வி: 15 மீட்டருக்குள் மேலே வந்துவிட வேண்டும் என்ற விதி நெஞ்சு நீச்சலுக்கும் உண்டா?
– உயர்நிலைப் பள்ளி மாணவர், தெம்பனிஸ்

பதில்: இல்லை, தம்பி. அது மற்ற நீச்சல் வகைகளுக்கு உரியது. நெஞ்சு நீச்சலில் ஓர் இழுப்பு, ஓர் உதை என்ற வரம்பே போதுமான கட்டுப்பாடாக இருக்கிறது.

கேள்வி: நீருக்கடியில் அதிக நேரம் தாக்குப்பிடிக்க, என் மகன் எங்கள் கொண்டோமினியக் குளத்தில் தனியாக மூச்சடக்கிப் பழகுகிறான். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு மூழ்கினால் நெடுநேரம் இருக்க முடிகிறது என்கிறான். தொடரலாமா?
– ஒரு தந்தை, பிடோக்

பதில்: இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மூச்சை இழுக்க வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் உடலில் சேரும் கரியமில வாயுதான். வேகவேகமாக மூச்சுவிடும்போது அந்த வாயு வெளியேறிவிடுகிறது. உயிர்வாயுவின் இருப்போ குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. அதனால் தவிப்பு எழுவதற்கு முன்பே உயிர்வாயு குறைந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பிவிடலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி உயிரிழந்திருக்கிறார்கள், அதுவும் ஆழம் குறைந்த நீரில்.

உங்கள் மகனுக்கு இந்தப் பயிற்சி தேவையும் இல்லை. தொடக்கப் பாய்ச்சலுக்கும் ஒவ்வொரு திருப்பத்திற்கும் பின் நீருக்கடியில் கழியும் நேரம் சில விநாடிகள்தான். 50 மீட்டர் குளத்தில் 200 மீட்டர் நீந்தினால் அது 4 முறை, 25 மீட்டர் குளத்தில் 8 முறை வரும். கடைசித் திருப்பத்தில் மூச்சு முட்டுகிறது என்றால், அதற்கு மருந்து நீச்சல் தூரத்தைக் கூட்டிப் பழகுவதும், அந்தத் திருப்பத்தில் மிதப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்வதும். அதையும் பயிற்றுவிப்பாளர் கரையில் நிற்கும்போது மட்டும் செய்யட்டும்.