சைனஸ் ஆபரேஷனில் ரத்தக்கசிவை மருந்தால் கட்டுப்படுத்த முடியுமா?

கோத்தகிரியில் இருக்கும் உங்கள் அம்மாவுக்குக் கோவையில் எண்டோஸ்கோப்பி சைனஸ் ஆபரேஷன். ரத்தம் அதிகம் போகாமலிருக்க ஊசி போடுவார்களாமே, அது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் டிரானெக்ஸாமிக் அமிலம். 1962இல் ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் உலகுக்குச் சொன்ன மருந்து. ரத்தம் உறைந்ததும் உடலே அதைக் கரைக்கத் தொடங்கும். அந்தக் கரைப்பை இது தடுக்கிறது.

மூக்குக்குள் போகும் எண்டோஸ்கோப், அதாவது உள்ளே பார்த்துத் திரையில் காட்டும் குழாய், பொதுவாக 4 மில்லிமீட்டர்தான். அதன் கண்ணாடி முனையில் ஒரு சொட்டு பட்டாலே திரை முழுக்கச் சிவப்பு. கண்குழியோ தாள் போன்ற எலும்புக்கு அந்தப் பக்கம்! எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைவிட, பார்வை மறைவதுதான் பெரிய ஆபத்து.

ஊசி மட்டும் போதாது. ரத்தக்குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினில் நனைத்த பஞ்சை மூக்கில் வைப்பார்கள். சிவந்த சவ்வு வெளுத்துச் சுருங்கும். தலைப்பக்கத்தை உயர்த்தி, ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் மயக்க மருத்துவர் அடக்கி வைப்பார். என் கணிப்பில் பாதி வெற்றி அவர் கையில்.

அம்மாவுக்கு முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி, வலிப்பு, சிறுநீரகக் கோளாறு இருந்ததா? டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆனதும் கோத்தகிரிக்கு மலையேறாமல், டாக்டர் சொல்லும்வரை கீழேயே தங்குங்கள். கொண்டை ஊசி வளைவில் மூக்கில் ரத்தம் கொட்டினால் உதவிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.