அமெரிக்க அடிமைகள் தப்பிக்க உதவிய ரகசிய வலைப்பின்னலை எட்டாம் வகுப்புக்கு எப்படி நடத்துவது?

விளம்பரத்திலிருந்து தொடங்குங்கள். 1849 அக்டோபரில் மேரிலாந்தில் எலைசா பிராடெஸ் என்ற பெண்மணி, தன்னிடமிருந்து ஓடிப்போன மூவரைப் பிடித்துத் தரச் சொல்லி ஒன்று கொடுத்தார். அதில் 'மின்ட்டி, வயது சுமார் 27, உயரம் 5 அடி' என்று இருக்கும். மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் தலைக்கு 100 டாலர், உள்ளே என்றால் 50. அதைப் படிக்க விட்டுவிட்டு, அந்த மின்ட்டிதான் பின்னாளில் பல அடிமைகளை மீட்ட ஹாரியட் டப்மன் என்பதைக் கடைசியில் சொல்லுங்கள். வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம் அவர் மற்றவர்களை மீட்ட விதம். இரவு நீளம் என்பதால் குளிர்காலம். கிளம்புவது பெரும்பாலும் சனிக்கிழமை இரவு. திங்கள் வரை பத்திரிகையில் விளம்பரம் வராதே! சுமார் 13 பயணங்களில் 70 பேர் வரை மீட்டார்.

ஏன் கனடா வரை போனார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். 1850-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தப்பியவர்களை அடிமை முறை இல்லாத வட மாநிலங்களிலும் பிடித்துத் திருப்பி அனுப்பலாம். உதவியவருக்கு 6 மாதம் வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம்.

வில்லியம் ஸ்டில்லையும் விட்டுவிடாதீர்கள். பிலடெல்பியாவில் தப்பி வந்தவர்களின் விவரங்களைக் குறித்து வைத்தவர். 1850-இல் ஒருவர் தன் பெற்றோர் பெயரைச் சொன்னபோதுதான், எதிரே இருப்பது தன் அண்ணன் பீட்டர் என்றே அவருக்குத் தெரிந்தது.

தப்பிப்போகிறவர்களுக்கு வழிகாட்ட ஒட்டுப்போர்வையில் ரகசியக் குறி தைத்தார்கள் என்ற கதைக்கு அக்கால ஆதாரம் இல்லை. பிள்ளைகளை அடிமை, துரத்துபவர் என்று பிரித்து நடிக்கவிடும் வேலையும் வேண்டாம், அது சீக்கிரமே கேலிக்கூத்தாகிவிடும்.