ராணிக்குத் துணையாக இன்னொரு குதிரை: கடன் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 39. கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் குடியிருக்கிறோம். அப்பா காலத்திலிருந்து ஏரிக்கரையில் குதிரைச் சவாரிதான் தொழில். என்னிடம் இருப்பது ராணி என்ற ஒரே குதிரை, வயது 13. மூன்று வருடமாக உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றமும் சொல்லித் தருகிறேன். திங்கள் ஓய்வு. செவ்வாய், வியாழன் மாலை இரண்டிரண்டு வகுப்பு. சனி, ஞாயிறு காலை மும்மூன்று வகுப்பு. முக்கால் மணி நேர வகுப்புக்கு 400 ரூபாய். மற்ற நேரமெல்லாம் ஏரிக்கரை. சீசனில் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு இறங்கினால் மாலை 6 வரை ஓட்டம்தான். சீசன் முடிந்ததும் செலவு போக 90,000 கையில் நிற்கும், ஆனால் கார்த்திகை மழைக்குள் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. இப்போது 40,000 இருக்கிறது. நகைக்கடன் 60,000, வருடாவருடம் வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கிறோம். தெரிந்தவர் ஒருவர் 6 வயதுக் குதிரையை 1,20,000-க்குத் தருகிறேன் என்கிறார். கையிலிருக்கும் 40,000-ஐப் போட்டு, மீதி 80,000-ஐ இரண்டு வட்டிக்கு வாங்கலாமா? வருமான வரி ஏதும் வருமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய செலவுச் சீட்டுக்கு முதலில் நன்றி. தினக் கொள்ளு எவ்வளவு, தவிடு எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். சொந்தத் தொழில் செய்யும் பலர் இதைச் செய்வதில்லை. அந்தச் சீட்டை வைத்தே பதில் சொல்கிறேன்.

ராணிக்கு ஒரு நாள் தீவனம் 300 ரூபாய்: கொள்ளு 105, தவிடு 45, புல் 150. வாரத்துக்கு 2,100. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை லாடம் அடிக்க 1,500, அதாவது வாரம் 250. குடற்புழு மருந்து, தடுப்பூசி, டாக்டர் எல்லாம் சேர்த்து வருடம் 7,800 என்று போட்டிருக்கிறீர்கள், வாரம் 150. சேணம், வார், கடிவாளம் பழுதுபார்க்க 100. கொட்டகை வாடகை 350. சனி, ஞாயிறு கூட வரும் பையனுக்கு 600. மொத்தம் 3,550 ரூபாய். பத்து வகுப்பில் வருவது 4,000. மிச்சம் 450. உங்கள் முக்கால் மணி நேரத்துக்கு, தொண்டை வற்றக் கத்திக்கொண்டு மைதானத்தில் குதிரையோடு ஓடுவதற்கு, 45 ரூபாய் நிற்கிறது.

ஏரிக்கரை வருமானமும் அந்தச் செலவைத் தாங்குகிறதே என்று நீங்கள் கேட்கலாம். சீசனில் தாங்கும். மழை வாரத்தில் ஏரிக்கரையில் ஆளே இல்லை. அந்த வாரமும் ராணி சாப்பிட்டாக வேண்டும். மூன்று வகுப்பு மழையில் போய்விட்டால் வரவு 2,800. பையன் கூலியைக் குறைக்காமல் கொடுத்தால் 750 ரூபாய் கைநட்டம். சீசன் பணம் எங்கே கரைகிறது என்று உங்களுக்கே புரியாமல் இருந்ததே, அதில் ஒரு பகுதி இங்கேதான் போகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஏரிக்கரைக் கூட்டம் உங்கள் கையில் இல்லை. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. மலைக்கு அது தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உங்கள் குடும்பத்தின் அடுப்பு வெளியூர் வண்டியை நம்பி எரியக் கூடாது. பள்ளி மாதங்களில் வாராவாரம் வரும் உள்ளூர்ப் பிள்ளைதான் உங்கள் நிலையான வருமானம். அதனால் வகுப்பை முதலில் சரிசெய்யுங்கள், அப்புறம் குதிரையைப் பார்க்கலாம்.

வகுப்புக்கு 500 ரூபாய் கேளுங்கள். அதையும் மாதத் தொடக்கத்திலேயே, நான்கு வகுப்புக்கு 2,000 என்று மொத்தமாக வாங்குங்கள். விலை ஏறினால் பிள்ளைகள் நின்றுவிடுவார்களோ என்று பயப்படுவீர்கள். கணக்கைப் பாருங்கள்: பத்தில் இரண்டு வகுப்பு நின்றுபோனால்கூட எட்டு வகுப்புக்கு அதே 4,000 வருகிறது, ராணிக்கு இரண்டு வகுப்பு உழைப்பு மிச்சம். யாரும் நிற்கவில்லையென்றால் வாரம் 1,000 கூடுதல்.

மழை பெய்தால் வகுப்பை ரத்து செய்யாதீர்கள், கொட்டகைக்குள் நடத்துங்கள். குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது, உடம்பைத் தேய்த்துவிடுவது, சேணத்தைப் போட்டு வாரை இறுக்குவது, அங்கவடியின் (கால் வைக்கும் வளையத்தின்) உயரத்தைத் தன் காலுக்குச் சரிபார்ப்பது, காதைப் பார்த்துக் குதிரையின் மனநிலையைத் தெரிந்துகொள்வது எல்லாமே குதிரையேற்றம்தான். முதுகில் ஏறுவது மட்டும் பாடம் என்று பெற்றோர் நினைப்பதை நீங்கள்தான் மாற்ற வேண்டும். முதல் மாதமே அவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள், பின்னால் மனக்கசப்பு வராது.

செலவில் எங்கே பிடிக்கலாம் என்றால், தீவனத்தின் அளவில் மட்டும் கை வைக்கவே வைக்காதீர்கள். விலையில் கை வைக்கலாம். கொள்ளுத் தானியத்தை வத்தலக்குண்டிலோ திண்டுக்கல்லிலோ மூட்டையாக எடுத்தால் மலைமேல் சில்லறையில் வாங்குவதைவிடக் குறையும். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். கொடைக்கானல் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சைத் தீவனம் தின்ற குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் மிச்சம் பிடித்ததுபோல் பல மடங்கு டாக்டருக்குப் போகும். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது என்பதால் அதன் வயிற்றுவலி உயிர் ஆபத்து என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் எனக்குக் கவலையாக இருக்கிறது. காலை 7 முதல் மாலை 6 என்றால் 11 மணி நேரம். வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்காக 1965-ல் வந்த விதிகளே ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கின்றன. உங்கள் குடும்பத்தின் மொத்தச் சம்பாத்தியமும் நான்கு கால்களில் நிற்கிறது. அதில் ஒரு கால் நொண்டினால் ஏரிக்கரையும் இல்லை, வகுப்பும் இல்லை. மதியம் இரண்டு மணி நேரம் சேணத்தைக் கழற்றிவிட்டு நிழலில் கட்டுங்கள். சீசனில் அதனால் குறையும் பணத்தை நட்டம் என்று எழுதாதீர்கள்.

சரி, இரண்டாவது குதிரை. இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். 80,000-க்கு மாதம் 1,600, வாரக் கணக்கில் சுமார் 370. புதுக் குதிரையின் தீவனம், லாடம், மருந்து, சேணம் வாரம் 2,600. ஆக அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் வாரம் 2,970 வேண்டும். இன்றைய 400 ரூபாய்க் கட்டணத்தில் அது வாரம் எட்டு வகுப்பு, 500 ரூபாயில் ஆறு. அத்தனை பிள்ளைகள் இப்போது உங்களிடம் கேட்டுக் காத்திருக்கிறார்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. எனவே இந்தக் கடன் வேண்டாம்.

கையிலிருக்கும் 40,000-ஐயும் தொடாதீர்கள். மழைக்காலம் 12 வாரம் என்று வைத்தால் ராணியின் பராமரிப்புக்கு 42,600 வேண்டும். ஆகவே அந்தப் பணம் உங்களுடையது அல்ல, ராணியுடையது. அதைத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டு, வீட்டுச் செலவுக்கு அந்த ஏடிஎம் கார்டைப் பயன்படுத்தாமல் இருங்கள். அடுத்த சீசன் பணம் வந்ததும் குறைந்தது 30,000-ஐ நகைக்கடன் அசலில் கட்டுங்கள். வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போனால் அந்த நகை என்றைக்கு வீடு திரும்பும்?

ஆனால் இன்னொரு குதிரை என்ற எண்ணமே தப்பு என்று சொல்ல மாட்டேன். ராணிக்கு வயது ஏறுகிறது. குறிஞ்சி அடுத்து பூக்க வேண்டிய ஆண்டு 2030. அதைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு இளம் குதிரை ஒன்று உங்களிடம் இருப்பது நல்லதுதான். அதற்கு இன்றே அஞ்சலகத்தில் மாதம் 1,500 ரூபாய்க்கு ஐந்து வருடத் தொடர் வைப்பு (ஆர்.டி.) தொடங்குங்கள். கட்டணம் உயர்ந்ததில் கிடைப்பதிலிருந்தே இதைக் கட்டிவிடலாம். அசல் மட்டும் 90,000 சேரும், வட்டி தனி. இடையில் பிள்ளைகள் எண்ணிக்கை ஏறி, குதிரையை முன்கூட்டியே வாங்க நேர்ந்தால் பொதுத்துறை வங்கியில் சிறு தொழிலுக்கான முத்ரா கடன் கேளுங்கள். 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு. இதற்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது. வட்டி இரண்டு வட்டிக்காரரைவிட நன்றாகவே குறையும்.

இதற்கிடையில் குதிரையை விற்க முன்வந்த அந்தத் தெரிந்தவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். குதிரை அவரிடமே இருக்கட்டும், சனி, ஞாயிறு காலை மட்டும் உங்கள் வகுப்புக்கு வரட்டும், வகுப்புக் கட்டணத்தில் பாதி அவருக்கு. ஒத்துக்கொண்டால் கடனில்லாமலே இரண்டு குதிரை வைத்து நடத்திப் பார்க்கலாம். அதோடு அந்தக் குதிரை பிள்ளைகளுக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும். ஏரிக்கரையில் ஒழுங்காக நடக்கும் ஆறு வயதுக் குதிரை, பயந்து கத்தும் எட்டு வயதுப் பிள்ளையைச் சுமக்கும்போது எப்படி இருக்கும் என்று விற்பவர் சொல்லி நம்பக் கூடாது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குதிரை போனால் போகட்டும்.

காப்பீட்டுக்கு உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள். தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் உரிமையாளர் பங்கு பிரீமியத்தில் 15 சதவீதம் என்று 2024-ல் குறைத்தார்கள், மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. இந்த வருடத்துக்கு நிதி வந்திருக்கிறதா, 13 வயதுக் குதிரையை ஏற்பார்களா என்று நேரில் கேட்பதுதான் சரி. பிள்ளைகள் விழுந்தால் வரும் பொறுப்புக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு பற்றி ஒரு முகவரிடம் பேசுங்கள். ஹெல்மெட் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். ஒரு முறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள்.

வரி உங்களுக்கு வராது. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை. இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்து வையுங்கள், முத்ரா கேட்கப் போகும்போது வருமானத்துக்கு அதுதான் சான்று.

கடைசியாக உங்களுக்காக. வங்கிக் கணக்கிலிருந்தே வருடம் 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடும் கிடைக்கின்றன. இரண்டையும் நீங்களும் உங்கள் மனைவியும் எடுங்கள். அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 40 வயதுக்குள் சேர்ந்தாக வேண்டும். 39 வயதில் மாதம் 528 கட்டினால் 60-க்குப் பிறகு மாதம் 2,000 ரூபாய் உறுதி. உங்களுக்கு இருப்பது சில மாதங்கள்தான், வகுப்பில்லாத இந்தத் திங்கட்கிழமையே ஆதாரோடு வங்கிக்குப் போய்விடுங்கள்.