பிக்கப்பை மாற்றும் முன் கம்பியை மாற்றுங்கள்

கேள்வி: 34 அங்குல ஸ்கேல் (அதிரும் கம்பியின் நீளம்) பேஸ் கிட்டார் வாசித்து இடது மணிக்கட்டு வலித்ததால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸுக்கு மாறினேன். வீட்டில் அருமையாகக் கேட்கிறது. மேடையில் டிரம்ஸோடு சேர்ந்ததும் எல்லாம் கொழகொழவென்று ஆகி, எந்த நோட் வாசிக்கிறேன் என்றே தெரிவதில்லை. கிட்டார் பழுதுபார்ப்பவர் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) மாற்றி, அந்த சிக்னலை ஏற்றிக் கொடுக்கும், பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப்பும் வைக்கச் சொல்கிறார். சவுண்ட் இன்ஜினியரோ, ‘இது சின்னப் பிள்ளைகள் பழகுவது, விற்றுவிடுங்கள்’ என்கிறார். என்ன செய்வது?

பதில்: விற்காதீர்கள். பிக்கப்பும் ப்ரீஆம்ப்பும் இப்போதைக்கு வேண்டாம். மேடையில் ஷார்ட் ஸ்கேல் தாராளமாக எடுபடும். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 30 அங்குலம்தான். ஜாக் புரூஸ் கிரீம் என்ற ராக் குழுவில் அத்தனை பெரிய ஆம்ப்களுக்கு நடுவே வாசித்த கிப்ஸன் இபி-3, 30 அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். இவர்களிடம் போய்ச் சின்னப் பிள்ளைகள் சாமான் என்று யாராவது சொல்லட்டும்.

உங்கள் சிக்கல் கம்பியில் இருக்கிறது. ஒரே தடிமன் கம்பியை, ஒரே நோட்டுக்கு, 34க்குப் பதில் 30 அங்குலத்தில் கட்டினால் அதன் இழுவிசை சுமார் 22 சதவீதம் குறைந்துவிடும். தளர்ந்த கம்பி அகலமாக ஆடும். அடி ஒலி தடித்துக் கேட்கும், நோட்டைப் பிரித்துக் காட்டும் மேல் ஒலிகள் குறையும். வீட்டில் தனியாகக் கேட்கையில் அந்தத் தடிப்பு சுகமாக இருக்கும். மேடையில் கிக் டிரம்மும் அதே அடி ஒலிப் பகுதியில்தான் இருக்கிறது, அதோடு சேர்ந்ததும் உங்கள் நோட் மறைந்துவிடுகிறது. இதில் பிக்கப் என்ன செய்யும்? கம்பி தருவதைத்தான் அது எடுத்துக் கொடுக்கும். ப்ரீஆம்ப்பில் அடி ஒலியை ஏற்றினால் கொழகொழப்பு இன்னும் கூடும்.

ஆகவே முதலில் கம்பி. 45–105 செட் (மெல்லிய கம்பியிலிருந்து தடித்த கம்பி வரை தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டிருந்தால் 50–110 பக்கம் போங்கள். இழந்த இழுவிசை முழுதாக வராது என்றாலும் விரலுக்கு வித்தியாசம் தெரியும். வாங்கும்போது உறையில் ‘ஷார்ட் ஸ்கேல்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. பேஸ் செய்யும் கம்பெனிகள் ஷார்ட் ஸ்கேல் மாடல்களாக விற்றுத் தள்ளுகின்றன, கடைகளிலோ அதற்கான கம்பி இருப்பதில்லை. கேட்டால், ‘லாங் ஸ்கேல் கம்பியையே வெட்டிப் போட்டுக்கொள்ளலாம்’ என்று கையில் திணித்துவிடுவார்கள். கம்பியின் நுனிப் பகுதி மெலிந்திருப்பது ட்யூனரில் (தலைப்பக்கம் சுருதி கூட்டும் முறுக்காணி) சுற்றுவதற்காக. நீளக் கம்பியை வெட்டினால் முழுத் தடிமனும் ட்யூனரில் வளைய வேண்டியிருக்கும். மேல் சுற்று விரிசல் விடும், தளரும், கம்பி செத்த மாதிரி ஒலிக்கும். நீங்கள் ‘ஷார்ட் ஸ்கேல் இப்படித்தான் போல’ என்று நம்பிவிடுவீர்கள். அப்புறம் அதே ஆள் உங்களுக்குப் பிக்கப் விற்பார். மிஞ்சும் நுனியை வெட்டுவதாக இருந்தாலும், முதலில் வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் கம்பியைச் செங்குத்தாக மடித்துவிட்டு வெட்டுங்கள். இல்லையென்றால் சுற்று அவிழ்ந்துவிடும்.

தடித்த கம்பி போட்டதும் செட்டப் செய்தாக வேண்டும். நட்டின் (கழுத்தின் தலைமுனையில் கம்பியைத் தாங்கும் பட்டை) பள்ளத்தில் கம்பி சரியாக உட்கார வேண்டும், கழுத்தின் வளைவைப் பார்க்க வேண்டும், 12ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை) சுருதி சரிபார்க்க வேண்டும். ஆடும் கம்பிக்கு இடம் வேண்டும் என்பதால், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியான ஆக்‌ஷனைக் கொஞ்சம் உயர்த்தியே வைக்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் இருங்கள். எதைக் கழற்றினாலும் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல பிக்கப்பைக் கழற்றிவிட்டு ‘அப்கிரேட்’ என்று எதையோ மாட்டி அனுப்புகிறவர்களும், அதில் கமிஷன் பார்க்கும் இடைத்தரகர்களும் இந்தத் தொழிலில் உண்டு. பழைய பேஸை இப்படி ஒருவர் மூலம் வாங்கும் எண்ணம் இருந்தால், கையோடு ஒரு டேப் கொண்டுபோங்கள். நட்டிலிருந்து 12ஆம் ஃப்ரெட் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் அதுதான் ஸ்கேல். 15 அங்குலம் வந்தால் 30. இதைவிடக் குட்டையான, 28.6 அங்குல பேஸ்களும் ஷார்ட் ஸ்கேல் என்ற பெயரிலேயே கைமாறுகின்றன. அதில் கம்பி இன்னும் தளரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உங்கள் குழு சுருதியைக் கீழே இறக்கி வாசிக்கிறதா? ஈ கம்பியை டி வரை இறக்குவது சரி, தடித்த கம்பியில் சமாளிக்கலாம். சி என்றால் சங்கடம். பி வரை என்றால் வேண்டவே வேண்டாம். ஈ நோட் 41 ஹெர்ட்ஸ், பி சுமார் 31 ஹெர்ட்ஸ். அத்தனை கீழே போக 30 அங்குலத்தில் இழுவிசை மிஞ்சுவதில்லை. சமாளிக்க மிகத் தடித்த கம்பி போட்டால் அது விறைத்துப்போய், மேல் ஃப்ரெட்களில் சுருதி விலகும். லேசாகத் தட்டினாலும் நோட் ஒரு கணம் மேலே ஏறிவிட்டு இறங்கும். நான்கு கம்பியோ ஐந்து கம்பியோ, கதை ஒன்றுதான். மேடையில் மற்றவர்கள் உங்களையே திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பாடல்களுக்கு மட்டும் பழைய 34 அங்குல பேஸையே எடுத்துப்போங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி வாசிப்பதானால், முதல் ஃப்ரெட்டின் அகலமே ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வித்தியாசப்படும் என்பதால் இரண்டிலும் தனித்தனியே பழக வேண்டும்.

இனி சவுண்ட் செக். பல மேடைகளில் அது நடப்பதே இல்லை. பாடகருக்கு மைக் சரிபார்த்ததும் நேரம் முடிந்தது என்பார்கள், பேஸுக்கு முந்தின நிகழ்ச்சியின் செட்டிங் அப்படியே ஓடும். அதனால் உங்கள் பக்கத்தை நீங்களே கட்டிவிட்டுப் போங்கள். பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு நேராக அனுப்பும் சொந்த டிஐ பாக்ஸ் ஒன்று, அதற்கு முன்னால் ஒலிப் பகுதிகளை ஏற்றி இறக்கும் சிறிய ஈக்யூ பெடல் ஒன்று. 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறையுங்கள், 700 முதல் 1000 வரை கொஞ்சம் ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவது போல இருக்கும். பயந்து திருப்பிவிடாதீர்கள், டிரம்ஸ் சேர்ந்ததும் நோட் துல்லியமாக வரும். மிகக் கீழான ஒலிகளை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் 35 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள், பயனற்ற அதிர்வு போய்விடும். வலது கையை பிரிட்ஜ் (பேஸின் உடலில் கம்பி முடியும் இடம்) பக்கம் சற்று நகர்த்தி, மெதுவாகத் தட்டுங்கள். தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் சுருதி கலையும், சத்தமும் அதிகமாகாது.

பேஸை மாற்றிய பிறகும் மணிக்கட்டு வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், பேஸ் அதற்கு மருந்தாகாது. சில ஷார்ட் ஸ்கேல் மாடல்களில் தலைப்பக்கம் கீழே சாயும், அதைத் தாங்கிப் பிடிப்பதே இடது கைக்கு வேலையாகிவிடும். உள்பக்கம் சொரசொரப்பான, அகலமான தோல் பட்டை போட்டுப் பாருங்கள்.

புதுக் கம்பியை நிகழ்ச்சியன்று போடாதீர்கள். இரண்டு நாள் முன்பே போட்டு, இழுத்துவிட்டு, சுருதி நிலைக்க விடுங்கள். பையில் இன்னொரு ஷார்ட் ஸ்கேல் செட் இருக்கட்டும். அங்கே அறுந்தால் அக்கம்பக்கத்தில் யாரிடமும் அது கிடைக்காது.